ஒன்னும் இல்ல என்று சொன்னார்கள்

என் மூளையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, அவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நல்ல சேதி சொல்ல வந்தவர் எதற்காக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்? நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கலாமே. கூட வந்த பயிற்சி டாக்டர் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் தன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்?

இப்போது ஓரளவு தேறியிருக்கிறேன். கவுன்சலிங், தெரப்பி என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி எழுந்து வந்தவன்தான். அந்த மாதிரி ஒருவராவது இதைப் படிப்பார் என்ற நினைப்பில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிள்ளானுக்குப் பக்கத்தில் பண்டமாரானில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா லோரி டிரைவர். நான் யூனிவர்சிட்டி கடைசித் தேர்வு எழுதிய மாதத்தில் இறந்துபோனார். எங்கள் குடும்பத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து யூனிவர்சிட்டி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். படித்து முடித்துக் கொஞ்ச காலம் அலைந்தபின், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில், விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரி வேலை கிடைத்தது. வேலை நிரந்தரமாவதற்குள் இந்த நோய் வந்துவிட்டது.

முதல் தடவை வந்தது கோயிலில். எங்கள் பக்கத்து முனீஸ்வரர் கோயிலில் வருடாந்திர பூசை. உருமி மேளம் அடிக்கத் தொடங்கியதும் என் காதுக்குள் ஓர் இரைச்சல். கால் மரத்துப் போனது. அடுத்த நிமிடம் நான் தரையில் கிடக்கிறேன், கையும் காலும் என் பேச்சைக் கேட்காமல் ஆடுகின்றன. கண்ணைத் திறக்க முடியவில்லை. சுற்றி நடக்கிற பேச்சு மட்டும் தண்ணீருக்கு அடியில் கிடந்து கேட்பதுபோலக் கேட்டது. வேறு இடமாக இருந்திருந்தால் யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் கோயிலில் ஒருவர் மேளத்தை இன்னும் வேகமாக அடிக்கச் சொன்னார். தலையில் மஞ்சள் தண்ணீர் கொட்டினார்கள். நெற்றி நிறைய விபூதி. "யாருப்பா வந்திருக்கிறது? சொல்லு, யாரு வந்திருக்கிறது?" என்று காதருகில் ஒரு குரல் கேட்டது. நான் தினேஷ்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உறுமல்தான் வெளியே வந்தது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

அம்மா அன்று அழுதது சந்தோஷத்தில் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். படித்த பிள்ளைமேல் சாமி வருவது லேசான காரியமா? பக்கத்து வீட்டுப் புஷ்பா ஆன்டி அடுத்த வாரமே தட்டில் எலுமிச்சம்பழத்தோடு வந்து, மகள் கல்யாணம் எப்போது கூடும் என்று என்னைக் கேட்டார். நான் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். "இப்ப சாமி இல்ல ஆன்டி" என்றேன். "பரவால்ல, வெள்ளிக்கெழம வரேன்" என்று பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது தடவை ஆபீசில் வந்தது. சாமி என்று சொல்ல அங்கே ஆளில்லை. காலையில் வேலை ஆரம்பிக்குமுன் ஆட்களை நிற்க வைத்து அன்றைய ஆபத்துகளைச் சொல்லும் கூட்டம். அதை நடத்துகிறவன் நான். நடத்திக்கொண்டிருந்தவனே விழுந்தேன். மலாய்க்காரத் தோழர்கள் "சாவான், சாவான்" என்று கத்தியது கேட்டது. வலிப்புக்கு அவர்கள் சொல்கிற பெயர் அது. நம் ஆள் ஒருவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மறுவாரம் மேலாளர் என்னை உட்கார வைத்து அன்பாகத்தான் பேசினார்: வலிப்பு கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தரும்வரை யார்டுக்குள் கால் வைக்கக்கூடாது, மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது, வேலையை நிரந்தரமாக்குவதைப் பிறகு பார்ப்போம். அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். முழங்கால் வலியோடு இன்னும் எத்தனை வருடம் கழுவ முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்த வேலை என் கையை விட்டுப் போகக்கூடாது.

கிள்ளானில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முன்னெச்சரிக்கையாக வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை என்னை எரிச்சல்காரனாக ஆக்கியது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. மாதத்தில் சில தடவை வந்தது, பிறகு வாரத்தில் சில தடவை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அதற்கும் அது அசையவில்லை. கடைசியில் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே காத்திருப்பு அறையில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நம் எண்ணை எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எழுந்து ஒரு கோப்பை தே வாங்கப் போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லாரும் தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்போம். செலாயாங்கிலிருந்து வந்த ஒரு காய்கறி வியாபாரி அண்ணன் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் மனைவிக்கு நிஜமான வலிப்பு. உங்களுக்கு என்ன என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவைத்தேன். நம் ஆட்களிடம் ஒன்றைச் சொன்னால், நாம் ஷா ஆலமைத் தாண்டுவதற்குள் சேதி கிள்ளானுக்கு வந்து காத்திருக்கும்.

என்னைப் படுக்கையில் சேர்த்து ஒரு சோதனை செய்தார்கள். மூளை வேலை செய்யும்போது அதில் மிகச் சிறிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்குமாம். தலை முழுக்கச் சின்னச் சின்ன வில்லைகளைப் பசை வைத்து ஒட்டி, கம்பிகளை ஒரு பெட்டியில் மாட்டி, அந்த மின்சாரத்தைக் கோடு கோடாகத் திரையில் எழுத வைக்கிறார்கள். கூடவே கட்டிலை நோக்கி ஒரு கேமரா. ஆட்டம் வரும்போது கோடுகள் எப்படி இருக்கின்றன, உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்காக. நிஜ வலிப்பு என்றால் கோடுகள் புயலில் மாட்டியதுபோல் குதிக்குமாம்.

பக்கத்தில் ஒரு துணை இருக்க வேண்டும். அம்மா இருந்தார். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அம்மாவின் கையில் கம்பியோடு கூடிய ஒரு பொத்தானைக் கொடுத்தார். ஆட்டம் வந்தால் இதை அமுக்கு, போர்வையை விலக்கு, பிள்ளையைப் பிடித்து அழுத்தாதே என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அம்மா அந்தப் பொத்தானை முந்தானையில் துடைத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். கழிவறைக்குப் போகும்போதுகூட என் மார்பின்மேல் வைத்துவிட்டுத்தான் போவார்.

ரவி மாமா, அம்மாவின் தம்பி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நான் படுத்திருந்த நாளெல்லாம் வேலை முடிந்ததும் கிள்ளானிலிருந்து வந்துவிடுவார். எனக்குப் பிடித்த மீகூன் என்கிற அரிசிச் சேமியா, அம்மாவுக்கு இட்லி, மிஸ்ஸிகளுக்கு வாழைப்பழப் பலகாரம். என் கால் நகத்தைக்கூட வெட்டிவிட்டார். அவர் அன்பு கூடக் கூட எனக்குப் பயமும் கூடியது.

காரணம் இருக்கிறது. யூனிவர்சிட்டியில் என் கடைசித் தேர்வு நடந்தபோது நான் வடக்கே விடுதியில் இருந்தேன். தினமும் சாயங்காலம் அம்மா போன் செய்வார். அப்பா எங்கே என்று கேட்டால், "ஒன்னும் இல்லப்பா, லோரி எடுத்துக்கிட்டு ஜோகூர் போயிருக்காரு. நீ படி" என்பார். இன்னொரு நாள், தூங்குகிறார். இன்னொரு நாள், போன் கெட்டுப் போச்சு. திடீரென்று மாமா என் கணக்கில் செலவுக்குப் பணம் போட்டார். முறுக்கு பார்சல் வந்தது. என்னை எல்லாரும் எவ்வளவு நினைக்கிறார்கள் என்று பெருமையாக அறைத்தோழர்களுக்குப் பங்கு வைத்தேன். கடைசித் தாளை எழுதிவிட்டு பஸ் ஏறி வந்தால், நிலையத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கி வண்டியில் போட்டார். பண்டமாரானுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே போனார். எங்கே போறோம் என்றேன். ஒன்னும் இல்ல, வா என்றார். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அப்பாவின் கல்லீரல் எப்போதோ கைவிட்டிருந்தது. வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்தார். மறுநாள் போய்விட்டார்.

அதனால்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒருவனைத் தாங்கினால், யாரோ சாகப் போகிறார்கள் என்று அர்த்தம். இந்தத் தடவை அந்த ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

ஒரு மத்தியானம் ஆட்டம் வந்தது. அதே இரைச்சல், அதே தண்ணீருக்கு அடியில். யாரோ பேசுவதுபோல் இருந்தது, வார்த்தை பிடிபடவில்லை. கண் திறந்தபோது இரண்டு மிஸ்ஸிகள் நின்றார்கள். அவர்கள் திரையில் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். அம்மா பொத்தானை அமுக்கவே இல்லை. ஏன் அமுக்கவில்லை என்று ஒரு மிஸ்ஸி கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, மறந்துவிட்டேன் என்றார். கழிவறைக்குப் போகும்போதுகூடப் பொத்தானை மறக்காத அம்மா.

அதற்குப் பிறகுதான் டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. சீனப் பெண்மணி, நடுத்தர வயது, நிதானமாகப் பேசுகிறவர். ஆட்டம் வந்த நேரத்தில் உன் மூளையின் கோடுகள் சாதாரணமாக ஓடின, இது வலிப்பு நோய் இல்லை, மூளையில் ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் நான் நடிக்கிறேனா என்று கேட்டேன். இல்லை என்றார். மத்திய நெடுஞ்சாலையைச் சாயங்காலம் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். சாலையில் குழி இல்லை, பாலம் உடையவில்லை, ஆனாலும் வண்டி நகராது. உன் மூளையும் அப்படித்தான். உறுப்பு பழுதில்லை, தாங்க முடியாத ஏதோ ஒரு நெரிசல் வந்தால் உடம்பைத் தன் பிடியிலிருந்து விட்டுவிடுகிறது. ஆட்டம் நிஜம். நீ வேண்டுமென்று செய்வதில்லை. வலிப்பு மாத்திரை இதற்கு வேலை செய்யாது, அதை மெதுவாகக் குறைத்து நிறுத்தலாம். இதற்குச் சிகிச்சை, பயிற்சி பெற்ற ஒருவரோடு தொடர்ந்து உட்கார்ந்து பேசுவது. பிரிக்பீல்ட்ஸில் தமிழ் பேசுகிற ஒரு தெரப்பிஸ்ட் இருக்கிறார், எழுதித் தருகிறேன் என்றார்.

நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. ஒன்று, கட்டி கிட்டி ஏதாவது இருக்கிறது, அம்மா கேட்டுக்கொண்டதால் மறைக்கிறார்கள். இல்லையென்றால் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, வாங்குவதற்காக நடிக்கிறான் என்று நினைக்கிறார்கள், அதை நாகரிகமாகச் சொல்கிறார்கள். மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே அப்பாயின்ட்மென்ட் கேட்டபோது முந்தைய சோதனைகளைப் பற்றி மூச்சு விடவில்லை. இவர்களும் அவர்களோடு பேசி வைத்துக்கொள்ளக்கூடாதே. மறுபடி ஸ்கேன். பில்லைப் பார்த்ததும் நிஜமாகவே வலிப்பு வரும்போல் இருந்தது. அந்த டாக்டரும் படத்தை வெளிச்சத்தில் காட்டி, ஒன்றும் இல்லை என்றார். கிளினிக்கை விட்டு வெளியே வந்து, இரண்டு ஆஸ்பத்திரியும் ஒரே பொய்யைச் சொல்லுமா என்று யோசித்தேன். சொல்லும் என்று பதில் வந்தது. என் குடும்பத்தில் எத்தனை பேர் ஒரே பொய்யைச் சொன்னார்கள்.

தெரப்பிஸ்ட் பேச்சை வீட்டில் எடுத்தபோது மாமா சிரித்துவிட்டார். "பேசுனா சரியாயிடுமாலா? பேசுறதுக்கா ஆளு இல்ல நம்ம வீட்டுல? வா, நான் பேசுறேன் ஓசியில." அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தெரப்பிஸ்ட் தமிழ்ப் பெண் என்றால் நம் ஆட்கள் யாருக்காவது சொந்தமாக இருக்கும், நாளைக்கு உனக்குப் பெண் பார்க்கும்போது இது எழும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சாமிக்கு வைத்தியம் பாக்கக்கூடாதுப்பா" என்றார். ஆனால் அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாமி என்ற சொல்லை அம்மா ஏதோ மூடியைப் போலப் பயன்படுத்துகிறார் என்று எனக்குப் பட்டது. எதன்மேல் மூடி என்று மட்டும் தெரியவில்லை.

எனக்கும் போக வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் குறைவில்லை. சொன்னது ஆபீசுக்குப் போகும். கம்ப்யூட்டரில் பதிவாகும். பைத்தியம் என்று முத்திரை விழும். எல்லாவற்றுக்கும் மேல், போனால் நோய் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஸ்கேன் உறைக்குள் கிடந்தது. மாதங்கள் ஓடின. ஆட்டமும் நிற்கவில்லை. ஒரு தடவை கொமுட்டர் ரயில் நடைமேடையில், மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தேன். ஒரு மலாய் அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை. ஆபீசில் மேலாளர் வேறு, டாக்டர் கடிதம் எப்போது வரும் என்று இரண்டாவது முறை கேட்டுவிட்டார்.

கோலாலம்பூருக்கு மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேவிட்டேன். அந்த வீடியோ இருக்கிறதல்லவா, காட்டுங்கள், நான் நடிக்கிறேனா இல்லையா என்று நானே பார்க்கிறேன். அவர் கொஞ்சம் யோசித்தார். சில பேருக்குப் பார்ப்பது உதவும், சில பேருக்குக் கஷ்டமாக இருக்கும் என்றார். அம்மா உள்ளே வர வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மா வெளியே வரிசை நாற்காலியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

திரையில் ஒரு பக்கம் கோடுகள். இன்னொரு பக்கம் கட்டில், தலையெல்லாம் துணி சுற்றிய நான். ஆட்டம் தொடங்குகிறது. என்னை நானே பார்ப்பது அருவருப்பாக இருந்தது. கண் இறுக மூடியிருக்கிறது, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது. பக்கத்தில் கோடுகள் குளத்துத் தண்ணீர் மாதிரி சாவதானமாக ஓடுகின்றன. குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் திரையில் அம்மா எழுந்துவிட்டார்.

பொத்தான் அவர் இடது கையில் இருக்கிறது. அதைப் பார்க்கிறார். அமுக்காமல் கட்டிலில் வைக்கிறார். என் தலை கட்டில் கம்பியில் மோதாமல் இருக்கக் கையை நடுவில் கொடுக்கிறார். தலை அவர் புறங்கையைக் கம்பியோடு சேர்த்து மோதுகிறது. மோதிக்கொண்டே இருக்கிறது, அவர் கையை எடுக்கவில்லை. பிறகு குனிந்து என் காதருகில் பேசுகிறார். டாக்டர் சத்தத்தைக் கூட்டினார்.

"ஏங்க. நீங்கதானே சொல்லாதேன்னீங்க. அவன் பரீட்ச முடியட்டும்னு நீங்கதானே சத்தியம் வாங்குனீங்க. இப்ப அவன் மேல வந்து எதுக்கு ஆட்டுறீங்க? கோவம்னா என் மேல வாங்க. புள்ளைய விட்டுடுங்க."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. வீடியோவை நிறுத்தி, உன் அம்மா என்ன சொல்கிறார், தெரிந்தால் உதவியாக இருக்கும் என்றார்.

"ஒன்றும் இல்லை டாக்டர், சாமி கும்பிடுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் அதைக் கணினியில் தட்டிக்கொண்டார். வெளியே வந்தேன். அம்மா எழுந்து நின்று, டாக்டர் என்ன சொன்னாங்க என்று கேட்டார்.

"ஒன்னும் இல்லம்மா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. அதே இழுப்பு, அதே அவசரம். சில நிமிடங்களுக்குள் இரண்டு பேரிடம் இரண்டு மொழியில் அதையே சொல்லியிருக்கிறேன். எதைச் சொன்னாலும் மறைக்கிறார்கள் என்று இத்தனை மாதம் ஊரையே சந்தேகப்பட்டேன். மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் என்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்காமலே ஏமாற்றியிருக்கலாம் என்பதும். அம்மாவின் புறங்கையைப் பார்த்தேன். எப்போதோ ஆறிப்போன ஒரு கறுப்பு இருந்தது. சட்டி சுட்டது என்று அப்போது சொல்லியிருந்தார்.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, கழிவறைக்குப் போவதாகச் சொல்லி, அந்தச் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். நம்பிக்கை வந்து செய்யவில்லை. வேறு வழி தீர்ந்துபோய்ச் செய்தேன். அப்படிச் செய்தாலும் மணி அடிக்கிறது.

கிளினிக் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடி. அம்மா கூட வருவேன் என்று அடம் பிடித்தார். மேலே மட்டும் வர மறுத்து, பூக்கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் படியேறும்போது திரும்பிப் பார்த்தேன்; தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

தெரப்பிஸ்டுக்கு நாற்பது வயது இருக்கும். சாதாரண பஞ்சாபி சூட், கண்ணாடி. நான் சாய்ந்து படுக்க வேண்டிய சோபா எதுவும் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு காற்றாடி, மேசையில் டிஷ்யூ பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அழ வைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று உஷாரானேன். அவர் வாயைத் திறக்குமுன் நானே ஆரம்பித்தேன்.

"மிஸ், நீங்க எந்த ஊரு?"

நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பிடிக்கிற வழி இதுதான். எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தத் தமிழ்ப்பள்ளி, யார் வீடு. நான்கு கேள்விக்குள் சொந்தம் எங்காவது முட்டிக்கொள்ளும். சிரம்பான் என்றார். கிள்ளானில் யாரும் இருக்கிறார்களா என்றேன். வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம் மேருவில் உண்டு, போக்குவரத்து இல்லை என்றார். எந்தப் பள்ளி? சொன்னார். இங்கே பேசுவதை யார் பார்ப்பார்கள், ஆபீஸ் கேட்டால் கொடுப்பீர்களா, எழுதுவதை எங்கே வைப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். என் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஆபீசுக்குப் போகாது. என் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்ல வேண்டியிருக்கும், அதையும் முதலில் என்னிடம் சொல்வார். அந்த விதிவிலக்கை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குக் கொஞ்சம் பிடித்தது. எல்லாம் ரகசியம் என்று முழுதாகச் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

"கோயில்ல வந்தது சாமியா, நோயான்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன். அதுதான் என் கடைசிப் பொறி.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்வேன். சாமியப் பத்திப் படிச்சதில்ல. நடைமேடையில விழாம இருக்கறதுக்கு என்ன செய்யலாம்னு பாக்கலாம். வேற ஏதாச்சும் கேக்கணுமா தினேஷ்? என்னைய எல்லாம் விசாரிச்சு முடிச்சாச்சா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. முடிந்தது என்றேன்.

"அப்ப நான் ஒன்னே ஒன்னு கேக்கறேன். புடிக்கலன்னா சொல்ல வேணாம். ஆஸ்பத்திரியில ஆட்டம் வந்தப்ப அம்மா சாமி கும்பிட்டாங்கன்னு டாக்டர் எனக்கு அனுப்புன குறிப்புல எழுதியிருக்காங்க. எந்தச் சாமி?"

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே யாரோ பூக்காரரிடம் மல்லிகை விலை பேசினார்கள். முனீஸ்வரர் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான், அதோடு முடிந்துவிடும். உதட்டுவரை வந்துவிட்டது.

"சாமி இல்ல மிஸ்" என்றேன். "எங்க அப்பாகிட்ட."

அந்த டிஷ்யூ பெட்டியை நான் தொடவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

ரயில் கூட்டம் இல்லாமல் இருந்தது. அம்மா மடியில் மல்லிகைப் பொட்டலம். என்ன கேட்டாங்க என்றார். அப்பாவப் பத்திப் பேசினேன்மா என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னேன், "ஆஸ்பத்திரி கேமராவுல படம் மட்டும் இல்லம்மா. சத்தமும் பதிவாகும்."

பெட்டாலிங், ஜாலான் டெம்ப்ளர் என்று நிலையங்கள் போய்க்கொண்டிருந்தன. அம்மா பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தார், கட்டினார். சுபாங் ஜெயா தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"நீ மொதப் பேப்பர் எழுதுன அன்னைக்கு அப்பாவுக்கு வயிறு ஊதிப்போச்சு. ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன்னாரு. ரவிதான் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தான். சேத்ததும் மொதல்ல கேட்டது என்னா தெரியுமா? இன்னும் எத்தன பேப்பர் இருக்குன்னு கேட்டாரு. தெனமும் உங்கிட்ட பேசி முடிச்சதும் எங்கிட்டேருந்து போன வாங்கிக் காதுல வச்சுக்குவாரு. நீதான் வச்சுட்டியே, அதுல என்னா கேக்கும்? ஆனாலும் வச்சுக்கிட்டு இருப்பாரு."

 அந்த நாட்களை எல்லாம் அம்மா ஒன்று விடாமல் வைத்திருந்தார். ஷா ஆலம் போனது, பாடாங் ஜாவா போனது, பேசிக்கொண்டே வந்தார்.

இப்போதும் வாரா வாரம் போகிறேன். இரைச்சல் தொடங்கும்போது காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் படுகிற பொருள்களுக்குப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சில சமயம் அது அங்கேயே நின்றுவிடுகிறது. சில சமயம் நிற்பதில்லை. யார்டுக்குள் இன்னும் விடவில்லை, மேசை வேலைதான். ஆனால் இது வலிப்பு இல்லை, சிகிச்சை நடக்கிறது என்ற டாக்டரின் கடிதம் மேலாளர் கையில் இருக்கிறது, வேலை போகவில்லை. அந்தத் தெரப்பிஸ்டின் மேருச் சொந்தம் யார் என்று இன்னும் மனதுக்குள் துருவிக்கொண்டுதான் இருக்கிறேன். சந்தேகம் தீர்ந்த பிறகு போகலாம் என்று காத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது, அதையும் கூட்டிக்கொண்டே படியேறலாம் என்பதுதான்.

அன்று ரயில் கிள்ளானை நெருங்கும்போது அம்மாவின் போன் அடித்தது. புஷ்பா ஆன்டி. வெள்ளிக்கிழமை அருள்வாக்குக் கேட்க அவர் தங்கச்சியையும் கூட்டிவரலாமா என்று கேட்பது எனக்கே கேட்டது. அம்மா என்னைப் பார்த்தார். வழக்கமான பதில் உதட்டில் கூடுவதையும் அது நிற்பதையும் பார்த்தேன்.

"வேணாம் புஷ்பா" என்றார். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கோம்."